கெர்னல் டிரைவர்ல வர்ச்சுவல் டிவைஸ் உருவாக்குற கோட பிரிச்சு எழுதுறது எப்படி (முதல் தடவை பண்றவங்களுக்கு)

பினாங்குல, அதுவும் பாயான் லெப்பாஸ் பக்கம் சிப்பு, போர்டுன்னு வேலை பாக்குறவங்களுக்கு இது பழகின கதைதான். ஹார்ட்வேர் இன்னும் கைக்கே வந்திருக்காது, ஆனா டெஸ்ட் டீம் ஆளுங்க சாஃப்ட்வேர ஓட்டிப் பாக்கணும்னு வந்து நிப்பாங்க. அதுக்காக எவரோ ஒரு புண்ணியவான் லினக்ஸ் டிரைவருக்குள்ளயே நாலு போலி சென்சர் டிவைஸ உருவாக்கி விட்டிருப்பாரு. எல்லாம் இனிட் ஃபங்ஷனுக்குள்ள ஒரே ஃபார் லூப்புல இருக்கும், மெமரி எடுக்குறது, சிடெவ் (கேரக்டர் டிவைஸுக்கான கெர்னல் ஸ்ட்ரக்ட்), டிவைஸ் கிரியேட், பஃபர் எல்லாம் ஒன்னு மேல ஒன்னா, கீழ வரிசையா கோ-டு லேபிளுங்க, எந்த லேபிள் எதைச் சுத்தம் பண்ணுதுன்னு எழுதினவருக்கே வெளிச்சம். இப்ப திடீர்னு "ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒரு டிவைஸ் சேக்கணும், ஒன்னு எடுக்கணும்"னு கேப்பாங்க. அந்த லூப்ப வச்சுக்கிட்டு அது நடக்காது லா.

எனக்குக் கைமாறி வந்த டிரைவரும் அதே ரகம். அதைப் பிரிச்ச முறையத்தான் இங்க எழுதுறேன். ஒரு சின்ன மாட்யூல் கம்பைல் பண்ணி இன்ஸ்மாட் போடத் தெரியும்னு வச்சுக்கிறேன், தெரியலன்னா அதை முடிச்சுட்டு வாங்க. ஃபங்ஷன் பேருங்கள வாயில சொல்ற மாதிரி எழுதியிருக்கேன், நடுவுல அண்டர்ஸ்கோர் போட்டுக்கோங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

டிவைஸ் ஒன்னே ஒன்னுதான்னா இந்தப் பாடமே உங்களுக்கு வேணாம், மிஸ்க் ரெஜிஸ்டர் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க. மேஜர் நம்பர் 10 தானா கெடைக்கும், கிளாஸ் கூட நீங்க உருவாக்க வேணாம். அதே மாதிரி வெறும் பேரண்ட் வேணும்னு பிளாட்ஃபார்ம் டிவைஸ் ஒன்ன போலியா ரெஜிஸ்டர் பண்ணி வச்சிருந்தா, 6.14 கெர்னல்ல இருந்து ஃபாக்ஸ் பஸ்னு ஒன்னு இருக்கு, இதுக்குன்னே கொண்டு வந்தது, அதுக்கு மாறிக்கோங்க.

டெஸ்ட் பண்ண வர்ச்சுவல்பாக்ஸ் வேணாம், என் கைக்கு அது ஆமை. வர்ட்மி-என்ஜி போடுங்க, நீங்க கட்டின கெர்னல கியூஎம்யூல சட்டுனு பூட் பண்ணும், உங்க மெஷின் ஃபைல் சிஸ்டமே உள்ள தெரியும், கிராஷ் ஆனா மூடிட்டுத் திரும்பத் தொறக்கலாம். கான்ஃபிக்ல கேசானும் (ஃப்ரீ பண்ணின மெமரிய தொட்டா கத்தும்) கேமெம்லீக்கும் (ஃப்ரீ பண்ணாம விட்ட மெமரிய கண்டுபுடிக்கும்) கண்டிப்பா ஆன் பண்ணுங்க. இது ரெண்டும் இல்லாம டிரைவர் கோட்ல கைய வைக்கிறவங்கள நான் நம்ப மாட்டேன்.

படி 1: இப்ப இருக்குறத எழுதி வச்சுக்கோங்க

சிஸ் டிவைசஸ் வர்ச்சுவல் ஃபோல்டருக்குள்ள உங்க கிளாஸ் பேர்ல என்னென்ன இருக்கு, டெவ் ஃபோல்டர்ல பேரும் மைனர் நம்பரும் என்ன, எல்லாத்தையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல போட்டு வைங்க. வேலை முடிஞ்சதும் இது அப்படியே இருக்கணும், ஏன்னா டெஸ்ட் டீம் ஸ்கிரிப்ட்ல டிவைஸ் பேர் அப்படியே எழுதியிருப்பாங்க, ஒரு எழுத்து மாறினாலும் கூப்பிடுவாங்க.

படி 2: சும்மா நகர்த்துங்க, வேற ஒன்னும் தொடாதீங்க

லூப்புக்குள்ள இருக்குறத ஒரு கிரியேட் ஃபங்ஷனா வெளிய எடுங்க, எக்ஸிட்ல இருக்குறத ஒரு டெஸ்ட்ராய் ஃபங்ஷனா எடுங்க. ஒரு டிவைஸுக்கு ஒரு தடவை கூப்பிடுற மாதிரி. நடுவுல ஏதாச்சும் பக் கண்ணுல பட்டாலும் இந்தக் கமிட்ல சரி பண்ணாதீங்க, அது அடுத்த கமிட். கிட் டிஃப்ல கலர்-மூவ்ட் ஆப்ஷன் போட்டுப் பாத்தா நகந்த வரியெல்லாம் தனி கலர்ல தெரியும், வேற கலர் எட்டிப் பாத்துச்சுன்னா என்னத்தையோ மாத்தியிருக்கீங்க. பின்னாடி பைசெக்ட் (எந்தக் கமிட்ல பக் வந்துச்சுன்னு தேடுறது) போடும்போது இந்த ஒழுங்கோட அருமை தெரியும்.

படி 3: ஸ்ட்ரக்ட் டிவைஸ உள்ள கொண்டு வாங்க

பழைய கோட்ல டிவைஸ் கிரியேட் கூப்பிட்டு, வர்ற பாயிண்டர வச்சிருப்பாங்க. அப்போ கெர்னல் தனியா ஒரு ஸ்ட்ரக்ட் டிவைஸ் எடுக்குது, உங்க ஸ்ட்ரக்ட் தனி, சிடெவ் இன்னொன்னு, மூனுக்கும் மூனு ஆயுசு. ஒருத்தர் ஃபைல தொறந்து வச்சிருக்கும்போது நீங்க டிவைஸ எடுத்துட்டு உங்க ஸ்ட்ரக்ட கேஃப்ரீ பண்ணினா, அந்த ஆளு அடுத்த ரீட் போட்டதும் கேசான் கத்தும்.

அதுக்கு, உங்க ஸ்ட்ரக்ட்டுக்குள்ளயே ஸ்ட்ரக்ட் டிவைஸையும் ஸ்ட்ரக்ட் சிடெவையும் வைங்க, பாயிண்டரா இல்ல, முழுசா. அப்புறம் சிடெவ் டிவைஸ் ஆட் கூப்பிடுங்க, 4.12ல இருந்து இருக்கு. அது சிடெவுக்கு உங்க டிவைஸையே பேரண்ட்டா ஆக்கிடும், அதனால தொறந்த ஃபைல் கடைசியா மூடுற வரைக்கும் உங்க ஸ்ட்ரக்ட் உயிரோட இருக்கும்.

கிரியேட்ல வரிசை இப்படி: கேஸெட்அலாக், ஐடிஏ (காலியா இருக்குற நம்பர எடுத்துக் குடுக்குற கெர்னல் வசதி) அலாக்ல மைனர் நம்பர், பஃபர், மியூடெக்ஸ் இனிட், டிவைஸ் இனிஷியலைஸ், அதுக்கப்புறம் கிளாஸ், டெவ்-டி, ரிலீஸ் ஃபங்ஷன், டெவ் செட் நேம், சிடெவ் இனிட், ஓனர், கடைசியா சிடெவ் டிவைஸ் ஆட். இந்தக் கடைசி வரி ஓடின நொடியே வெளிய இருந்து ஓப்பன் வரலாம், திரும்பி வர்றதுக்குக் கூட காத்திருக்காது. மியூடெக்ஸ இனிட் பண்றத அதுக்குக் கீழ வச்ச கோட நெறைய பாத்திருக்கேன், யூடெவ் (புது டிவைஸ் வந்ததும் ஓடுற புரோகிராம்) வேகமான மெஷின்லதான் அது வெடிக்கும்.

படி 4: எர்ரர் பாதை (இங்க மெதுவா வாங்க)

என்னைய ரொம்ப நாள் சுத்தல்ல விட்ட இடம் இதுதான், அதனால நிறுத்தி எழுதுறேன்.

டிவைஸ் இனிஷியலைஸ் கூப்பிடுறதுக்கு முன்னாடி ஏதாச்சும் ஃபெயில் ஆச்சுன்னா, நீங்க எடுத்த மெமரிய நீங்களே கேஃப்ரீ பண்ணணும். கூப்பிட்டதுக்கு அப்புறம் ஃபெயில் ஆச்சுன்னா கேஃப்ரீ பக்கமே போகக் கூடாது, புட் டிவைஸ் மட்டும்தான். ஏன்னா அந்த நிமிஷத்துல இருந்து அந்த மெமரிக்கு ரெஃபரன்ஸ் கவுண்ட்தான் (எத்தனை பேர் அத புடிச்சிருக்காங்கங்கிற கணக்கு) சொந்தக்காரன். நாலு பேர் சாவி வச்சிருக்குற வீட்ட நீங்க ஒரு ஆளா இடிக்க முடியுமா? டிவைஸ் ரெஜிஸ்டருக்கும் இதே சட்டம்தான், அது எர்ரர் குடுத்தாலும் நேரடியா ஃப்ரீ பண்ணாதன்னு கெர்னல் சோர்ஸ்லயே அந்த ஃபங்ஷன் மேல கமெண்ட்டா எழுதியிருக்கு, படிக்கத்தான் ஆள் இல்ல.

கேஃப்ரீ பண்ணினா என்ன ஆகும்னு கேட்டா, பாக்குறதுக்கு ஒன்னுமே ஆகாது, அதான் பிரச்சனை. டெவ் செட் நேம் பேருக்குன்னு தனியா மெமரி எடுக்குது, ஸ்ட்ரக்ட மட்டும் ஃப்ரீ பண்ணினா அந்தப் பேர் அனாதையா நிக்கும். கேமெம்லீக் ரிப்போர்ட்ல இப்படி வரும்: சைஸ் 8, கமாண்ட் இன்ஸ்மாட், கீழ பேக்ட்ரேஸ்ல கேவிஏஎஸ்பிரிண்ட்எஃப், அதுக்குக் கீழ கோப்ஜெக்ட் செட் நேம், அதுக்குக் கீழ டெவ் செட் நேம். ஹெக்ஸ் டம்ப்ப பாத்தா உங்க டிவைஸ் பேரே எழுத்தெழுத்தா உக்காந்திருக்கும். வெறும் 8 பைட்டுதானேன்னு விடாதீங்க, எர்ரர் பாதை தப்புன்னு அது கையெழுத்து போட்டுக் குடுக்குது.

சரி, புட் டிவைஸும் போட்டு கேஃப்ரீயும் போட்டா? ரிலீஸ் ஃபங்ஷன் ஒரு தடவை ஃப்ரீ பண்ணும், நீங்க ரெண்டாவது தடவை. டபுள் ஃப்ரீ.

அதனால பஃபர ஃப்ரீ பண்றது, ஐடிஏ ஃப்ரீ, ஸ்ட்ரக்ட கேஃப்ரீ பண்றது மூனும், இனிஷியலைஸ் தாண்டினதுக்கப்புறம், ரிலீஸ் ஃபங்ஷனுக்குள்ள மட்டும் இருக்கட்டும், உள்ள கண்டெய்னர் ஆஃப் போட்டு உங்க ஸ்ட்ரக்ட எடுத்துக்கோங்க. இனிஷியலைஸுக்கு அப்புறம் இருக்குற எல்லா எர்ரருக்கும் ஒரே லேபிள், ஒரே புட் டிவைஸ். அந்த லேபிள் கூட்டம் பாதிக்கு மேல காணாம போயிடும். சிடெவ் டிவைஸ் ஆட் ஃபெயில் ஆனாலும் அதே புட் டிவைஸ்தான், சிடெவ அதுவே எடுத்துடும், நீங்க சிடெவ் டெல் கூப்பிட வேணாம்.

ரிலீஸ் வைக்க மறந்தா டிமெசேஜ்ல "ரிலீஸ் ஃபங்ஷன் இல்ல, இது உடைஞ்சு கெடக்கு, சரி பண்ணியே ஆகணும்"ங்கிற அர்த்தத்துல ஒரு திட்டு வரும். அதை அடக்கறதுக்கு காலி ஃபங்ஷன் ஒன்ன எழுதி வைக்கிறவங்களும் இருக்காங்க, தயவு செஞ்சு வேணாம்.

இப்ப வந்திருக்குற ஃப்ரீ மேக்ரோ, கார்டு (வெளிய வரும்போது தானா சுத்தம் பண்றது) எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரே ஃபங்ஷன்ல அதையும் கோ-டுவையும் கலக்காதீங்க. ஏதோ ஒன்னு.

படி 5: டெஸ்ட்ராய்

சிடெவ் டிவைஸ் டெல், புட் டிவைஸ். ரெண்டே வரி. ஆனா டெல் ஆனதுக்கப்புறமும் ஏற்கனவே தொறந்த ஃபைல் வழியா ரீட், ரைட் வந்துக்கிட்டேதான் இருக்கும். ஓனர் போட்டிருந்தா மாட்யூல் இறங்காம அது பாத்துக்கும், தனி டிவைஸ் போறத அது தடுக்காது. அதனால ஸ்ட்ரக்ட்ல "போயிடுச்சு"ன்னு ஒரு ஃபிளாக் வச்சு, மியூடெக்ஸ புடிச்சு டெஸ்ட்ராய்ல அத செட் பண்ணுங்க, ரீட் ரைட்ல அதே மியூடெக்ஸுக்குள்ள அதைப் பாத்து மைனஸ் ஈநோடெவ் (டிவைஸ் இல்லங்கிற எர்ரர்) திருப்பிக் குடுங்க.

படி 6: வேணும்னே உடைங்க

நல்லா ஓடுதுன்னு டெஸ்ட் பண்ணி என்ன பிரயோஜனம். ஐடி ரெண்டா இருந்தா மைனஸ் ஈநோமெம் (மெமரி இல்லங்கிற எர்ரர்) குடுக்குற மாதிரி தற்காலிகமா ஒரு வரி போடுங்க, முதல்ல இனிஷியலைஸுக்கு மேல, அடுத்து செட் நேமுக்குக் கீழ. ஒவ்வொரு தடவையும் இன்ஸ்மாட் போட்டு ஃபெயில் ஆக்கி, கேமெம்லீக் ஃபைல்ல ஸ்கேன்னு எக்கோ பண்ணி, ஒரு பத்து விநாடி விட்டு இன்னொரு ஸ்கேன். முதல் ஸ்கேன்ல ஒன்னும் இல்லன்னு சந்தோஷப்படாதீங்க, புதுசா எடுத்த மெமரிய அது உடனே சொல்லாது.

அப்டேட்: பட்டர்வொர்த்துல இருந்து ஒரு தம்பி கேட்டாரு, டீபக் கோப்ஜெக்ட் ரிலீஸ் கான்ஃபிக்க ஆன் பண்ணினேன், ஆர்எம்மாட் போட்டதும் கெர்னல் பானிக் ஆகுது, உங்க கோட் தப்பான்னு. அந்த கான்ஃபிக் ரிலீஸ வேணும்னே கொஞ்ச நேரம் தள்ளிப் போடும், அதுக்குள்ள மாட்யூல் மெமரிய விட்டுப் போயிடுது, ரிலீஸ் ஃபங்ஷன் இருந்த இடத்துல ஒன்னும் இல்ல. அதோட டெஸ்ட் பண்ணும்போது டிரைவர கெர்னலுக்குள்ளயே பில்ட் பண்ணி, டிவைஸ மட்டும் சேத்து எடுத்துப் பாருங்க.

இன்னொரு அப்டேட்: உபுந்து 22.04ல கம்பைல் ஆன கோட் 24.04ல கிளாஸ் கிரியேட் கிட்ட நிக்குதுன்னு சில பேர் எழுதியிருந்தீங்க. 6.4 கெர்னல்ல அதோட முதல் ஆர்கியுமெண்ட், அதான் திஸ் மாட்யூல், எடுத்துட்டாங்க, இப்ப பேர் மட்டும் குடுத்தா போதும். ரெண்டு கெர்னல்லயும் ஓடணும்னா வெர்ஷன் பாத்து ஒரு ஹேஷ் இஃப் போடுங்க, அதை கிரியேட் ஃபங்ஷனுக்குள்ள திணிக்காம மேல ஒரு சின்ன ஹெல்பரா வைங்க.