வட்டாரப் பொதுக்குழு கூடுமுன்: எமிஸ் தீர்மானத்திலும் பொறுப்பாளர் தேர்தலிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆசிரியர் சங்கத்தின் வட்டாரக் கிளைத் தேர்தல்களுக்கு மாவட்டத்தின் சார்பில் பார்வையாளராகப் போய் வருகிறேன். புதிதாகப் பொறுப்புக்கு வரும் இளம் ஆசிரியர்களிடம் வேகம் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. ஆனால் எங்கள் தலைமுறை கையைச் சுட்டுக்கொண்ட இடங்களிலேயே அவர்களும் கை வைப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. கூட்ட அறிவிப்பை முன்கூட்டியே அனுப்புங்கள், வரவு செலவைத் தணிக்கை செய்துவிட்டு வாருங்கள், போட்டியிடுபவரையே தேர்தல் ஆணையாளராக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். விவரம் தெரிந்தவர்களே சறுக்கும் இடங்களைத்தான் சொல்ல வேண்டும்.

தேர்தல் நாளில் எமிஸ் தீர்மானம்

எமிஸ் என்பது பள்ளி, மாணவர் விவரங்களை ஆசிரியர்கள் இணையவழியில் பதிவேற்றும் பள்ளிக் கல்வித் துறையின் தரவு அமைப்பு. அதைப் பற்றிய தீர்மானம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பொதுக்குழு. பொறுப்பாளர் தேர்தலும் அன்றே. இரண்டு அணிகள் களத்தில் நிற்கின்றன. செயலாளர் பதவிக்கு நிற்பவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, “எமிஸ் பணிகளை முற்றிலும் கைவிட வேண்டும்” என்று தீர்மானம் முன்மொழிகிறார். எதிரணி விட்டுக்கொடுக்குமா? “எமிஸ் மட்டுமல்ல, இணையவழிப் பணி அனைத்தையும் புறக்கணிக்க வேண்டும்” என்று திருத்தம் கொண்டுவருகிறது. கைதட்டலோடு ஒருமனதாக நிறைவேறுகிறது. மறுத்துப் பேசினால் வாக்கு போய்விடும் என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை. சில நிமிடங்களில் முடிந்துபோன அந்த ஒற்றை வரி, அடுத்த தேர்தல் வரைக்கும் கிளையின் கொள்கையாக மினிட் புத்தகத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

ஓர் ஒன்றியத்தில் இப்படி நிறைவேறிய தீர்மானத்தைப் புதிய பொறுப்பாளர்கள் கல்வி அலுவலர் ஒருவரிடம் கொண்டுபோனார்கள். நானும் உடன் சென்றிருந்தேன். அவர் முழுவதும் படித்துவிட்டு நிமிர்ந்தார். “எந்தப் பதிவைச் சொல்கிறீர்கள்? மாணவர் வருகையா, நலத்திட்டப் பொருள் வழங்கியதா, எண்ணும் எழுத்தும் மதிப்பீடா? எந்த வகுப்புக்கு, எவ்வளவு நேரம் வீணாகிறது?” என்று கேட்டார். நியாயமான கேள்விகள். செயலாளர், “எல்லாம்தான் ஐயா” என்றார். அலுவலர் மனுவின் ஓரத்தில் ‘கோப்பில் வைக்கவும்’ என்று எழுதி எழுத்தரிடம் நீட்டிவிட்டார். அத்தோடு முடிந்தது.

முடியவில்லை, உண்மையில். ஆசிரியர்கள் தொழில்நுட்பத்துக்கு எதிரானவர்கள் என்ற பேச்சு ஊருக்குள் பரவியது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, “எங்கள் பிள்ளைகள் மட்டும் கம்ப்யூட்டர் படிக்கக் கூடாதா?” என்று கேட்டார். திறன்மிகு வகுப்பறையை ஆசையாகப் பயன்படுத்திவந்த இளம் ஆசிரியர்கள், இந்தத் தீர்மானம் தங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறதா என்று கேட்டார்கள். சிலர் மறு ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. ஒரு கிளைக்கு இதைவிடப் பெரிய நட்டம் என்ன இருக்கிறது?

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. அந்த ஒன்றியத்தில் சான்று இல்லாமல் இல்லை என்பதுதான் காரணம். ஈராசிரியர் பள்ளி ஒன்றில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எடுக்கும் ஆசிரியை ஒருவர் ஒரு சிறிய நோட்டில் கட்டம் போட்டு எழுதிவந்தார். செயலியைத் திறந்த நேரம், பதிவான நேரம், என்ன பதிவு, சொந்தக் கைப்பேசியா அரசு கொடுத்த கருவியா என்று நான்கு கட்டங்கள். “9.20: வருகை. சுற்றிக்கொண்டே இருக்கிறது. 9.34: பதிவானது. அரும்புப் பிள்ளைகள் இருவர் வெளியே போய்விட்டார்கள், அழைத்துவந்தேன்.” இப்படிப் பக்கம் பக்கமாக இருந்தது. 2022-23இல் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு, அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று கற்றல் நிலைப் பிள்ளைகளையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகச் செயலியில் மதிப்பிடுவது என்றால் என்னவென்று அந்த நோட்டைப் படித்தால் எந்த அதிகாரிக்கும் விளங்கும். பொதுக்குழு நடந்த அன்று அந்த நோட்டு மண்டபத்திலேயே, அவருடைய கைப்பையிலேயே இருந்தது. தேர்தல் பரபரப்பில் யாரும் அவரைப் பேச அழைக்கவில்லை.

குறிப்பாகக் கேட்டால் நகரும் என்பதற்கு நம் கண்முன்னே சான்று உண்டு. 2023 அக்டோபரில், தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கங்களின் கூட்டு நடவடிக்கைக் குழுவான டிட்டோஜாக்கின் போராட்டத்தையொட்டி நடந்த பேச்சுவார்த்தையில், எமிஸ் பதிவேற்றப் பணியிலிருந்து ஆசிரியர்களை விடுவிப்பதாக அரசு தரப்பு ஒப்புக்கொண்டது. அங்கே கணினியே வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. பதிவேற்றும் வேலையை ஆசிரியர் தலையிலிருந்து இறக்குங்கள் என்று கேட்டார்கள். ஒப்புக்கொண்டது எந்த அளவுக்கு நடைமுறைக்கு வந்திருக்கிறது என்று பள்ளிவாரியாகக் கணக்கெடுத்துக் கேட்க வேண்டிய இடத்தில்தான் இன்று வட்டாரக் கிளை இருக்கிறது. அந்த வேலையை ஒற்றை வரித் தீர்மானம் செய்யாது.

ஆகவே, தொழில்நுட்பம் பற்றிய விவாதத்துக்குத் தனிக் கூட்டம் போடுங்கள். தேர்தலுக்கு ஒரு மாதமாவது முன்பு நடக்கட்டும். யார் எந்தப் பதவிக்கு நிற்கிறார் என்ற பேச்சு எழுவதற்கு முன்பே முடியட்டும். ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவர், நடுநிலைப் பள்ளியிலிருந்து ஒருவர், தலைமையாசிரியர் ஒருவர், திறன்மிகு வகுப்பறையை விரும்பிப் பயன்படுத்துபவர் ஒருவர் என ஒரு சிறு குழு அமைத்துத் தீர்மானத்தை எழுதச் சொல்லுங்கள். விரும்புபவர் அந்தக் குழுவில் இருந்தே ஆக வேண்டும். அவர் இல்லாமல் எழுதிய தீர்மானம் வசவாகத்தான் வந்து முடியும்.

எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள், ஆசிரியர்களுக்கு 79,723 கையடக்கக் கணினிகள் என்று அரசு அறிவித்தது. கருவி வந்த பள்ளிகளில் கேள்விகள் அதன் பிறகுதான் தொடங்குகின்றன. இணையக் கட்டணத்தை யார் கட்டுவது? இரவுக் காவலர் இல்லாத பள்ளியில் திரை களவுபோனால் பொறுப்பு யாருடையது? மாறுதலில் போகும் ஆசிரியர் கையடக்கக் கணினியை யாரிடம் ஒப்படைத்து, எந்தப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும்? பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்து தருவார்கள், அதுவரை பதிவு விடுபட்டதற்கு விளக்கம் கேட்பார்களா? ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணை கேட்கலாம். ஆணை கிடைத்தால் அடுத்த ஒன்றியத்துக்கும் அது பயன்படும்.

பிரிவு 27ஐ எல்லாவற்றுக்கும் காட்டுவது

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 27ஆம் பிரிவை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகிய மூன்றைத் தவிர வேறு கல்வி சாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது அது. நல்ல ஆயுதம்தான். ஆனால் வருகைப் பதிவுக்கும் மதிப்பீட்டுக்கும் எதிராக அதை நீட்டினால், அதே சட்டத்தின் 24ஆம் பிரிவை அதிகாரி திருப்பிக் காட்டுவார். ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனை மதிப்பிடுவதும், குழந்தையின் வருகை ஒழுங்கைப் பற்றிப் பெற்றோரைக் கூட்டிப் பேசுவதும் ஆசிரியரின் கடமைகளாக அங்கே எழுதப்பட்டிருக்கின்றன. அங்கேயே பேச்சு நின்றுவிடும்.

வங்கிக் கணக்கு விவரம், ஆதார் திருத்தம், சாதிச் சான்று சேகரிப்பு போன்றவற்றுக்கு 27ஐக் காட்டுங்கள். வருகைக்கும் மதிப்பீட்டுக்கும் வேறு வாதம் வேண்டும்: பதிவேட்டிலும் எழுதி, செயலியிலும் ஏற்றும் இரட்டை வேலை ஏன்? கற்பிக்கும் நேரத்தில் எவ்வளவு போகிறது? அந்த ஆசிரியையின் நோட்டுக்கு இங்கேதான் வேலை.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத தீர்மானம்

பிள்ளைகளின் புகைப்படம், ஆதார் எண், வங்கிக் கணக்கு எல்லாம் ஆசிரியரின் சொந்தக் கைப்பேசியில் கிடக்கின்றன. 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் தேவை என்கிறது. இதை நாம்தான் முதலில் எழுப்ப வேண்டும். நமக்கும் பாதுகாப்பு, பெற்றோரும் நம் பக்கம் நிற்பார்கள்.

எல்லாக் கோரிக்கையும் ஒரே தாளில்

ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) தீர்ப்பு, பழைய ஓய்வூதியம், பதவி உயர்வுக்கு மாநில அளவிலான பணிமூப்பைக் கொண்டுவந்த அரசாணை 243, எமிஸ். நான்குக்கும் நான்கு தாள்.

வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு

வேண்டாம். யார் யாருக்கு வாக்களித்தார் என்று குழு முழுவதற்கும் தெரிகிறது.

‘ஒருமனதாக’ என்று எழுதுவதற்காக வேட்புமனுவைத் திரும்பப் பெறச் செய்வது

போட்டி வந்தால் சங்கம் உடைந்துவிடும் என்ற பயம் மூத்தவர்களுக்கு உண்டு. அதனால் கடைசி நேரத்தில் ஒருவரைத் தனியே அழைத்துப் பேசி மனுவைத் திரும்பப் பெறவைக்கிறார்கள். நான் பார்த்தவரை, அப்படி அழைக்கப்படுபவர் பெரும்பாலும் ஆசிரியைதான். “மகளிர் அணிக்கு வாருங்கள் அம்மா, செயலாளர் பதவிக்கு இரவிலும் அலைய வேண்டும்” என்கிறார்கள். தொடக்கப் பள்ளிகளில் பெரும்பான்மையோர் ஆசிரியைகள். செயலியோடு தினமும் மல்லுக்கட்டுபவர்களும் அவர்கள்தான். அவர்களுக்கு மேசையில் இடம் தராமல் அவர்களுடைய சிரமத்தைப் பற்றித் தீர்மானம் எழுதினால் அந்த எழுத்தில் உயிர் இருக்காது. வாக்குப்பெட்டி வைத்து, சீட்டில் எழுதிப் போட்டு, தோற்றவரையும் செயற்குழுவில் சேர்த்துக்கொண்ட கிளைகள் உடைந்ததை நான் பார்த்ததில்லை. மனுவைத் திரும்பப் பெறவைத்த கிளைகளில் ஓராண்டுக்குள் தனி வாட்ஸ்அப் குழு முளைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

கூட்ட நேரத்தையும் இதோடு யோசியுங்கள். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஒன்பது வரை இழுக்கும் பொதுக்குழுவில், கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் வாக்கெடுப்புக்கு முன்பே எழுந்து போய்விடுகிறார்கள். காலையில் வையுங்கள், வாக்குப்பதிவை முதலில் முடியுங்கள்.

அட்மின் உரிமையை ஒப்படைக்காத பழைய பொறுப்பாளர்

தேர்தல் முடிந்த அன்றே கையெழுத்திட்டு வாங்க வேண்டியவை: மினிட் புத்தகம், உறுப்பினர் பட்டியல், சந்தா ரசீதுக் கட்டுகள், வங்கிப் புத்தகம், கிளையின் மின்னஞ்சல் கடவுச்சொல், எல்லா வாட்ஸ்அப் குழுக்களின் அட்மின் உரிமை. வங்கியில் கையெழுத்து மாற்றத் தீர்மான நகல் கேட்பார்கள். மண்டபத்தை விட்டு எல்லோரும் கிளம்புமுன் அதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.