குயினோலின் மருந்துகளைப் படிக்க ஒரு வழி: குளோரோகுயினில் தொடங்குங்கள்

குயினோலின் என்றதும் மருந்துப் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடாதீர்கள். எம்.எஸ்சி. படிக்கும்போது நான் அதைத்தான் செய்தேன், தேர்வு முடிந்த கையோடு எல்லாம் மறந்துபோனது.

ஒரு தாளில் பென்சீன் வளையமும் பிரிடின் வளையமும் (நைட்ரஜன் உள்ள வளையம்) ஒட்டியிருப்பதை வரையுங்கள், இதுதான் குயினோலின். நைட்ரஜனுக்கு 1, அங்கிருந்து 2, 3, 4, வளையங்கள் சேரும் மூலையை விட்டுவிட்டு 5, 6, 7, 8. இந்த எண்களைப் போடாமல் மேலே போகவே போகாதீர்கள், ஏனென்றால் வளையம் ஒன்றுதான் என்றாலும் எந்த எண்ணில் எதை மாட்டுகிறோம் என்பதை வைத்து மருந்தின் வேலையே மாறிவிடும்.

சரி, மலேரியா மருந்தான குளோரோகுயின். 1934-இல் பேயர் நிறுவனத்தில் ஹான்ஸ் ஆண்டர்சாக் தயாரித்தது. 7-இல் குளோரின், 4-இல் அமினோ, அதிலிருந்து நீளும் சங்கிலியின் நுனியில் இன்னொரு நைட்ரஜன். ஒவ்வொன்றையும் தொட்டு, இது எதற்கு இங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

வெறும் குயினோலின் பலவீனமான காரம், பிகேஏ (இது கூடினால் காரத்தின் வலிமையும் கூடும்) 4.9தான். 4-இல் உள்ள அமினோ எலக்ட்ரானை வளையத்து நைட்ரஜன் பக்கம் தள்ளுவதால் குளோரோகுயினில் அது 8.1 ஆகிறது, சங்கிலி நுனியில் 10.2. மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் இருந்துகொண்டு ஹீமோகுளோபினைத் தின்கிறது, அதைச் செரிக்கும் குமிழிக்குள் பிஎச் 5-ஐ ஒட்டி இருக்கும். மின்சுமை இல்லாத குளோரோகுயின் சவ்வைத் தாண்டி உள்ளே போகிறது, போனதும் இரண்டு நைட்ரஜனும் ஆளுக்கொரு புரோட்டானைப் பிடித்துக்கொள்ள, திரும்ப வழியில்லாமல் அங்கேயே சேர்ந்துகொண்டு போகிறது. ஹீமோகுளோபினைச் செரித்த பின் மிஞ்சும் ஹீம் (அதன் இரும்புள்ள பகுதி) ஒட்டுண்ணிக்கு நஞ்சு, அதனால் அது ஹீமைப் படிகமாக்கி ஒதுக்கிவைக்கும். தட்டையான குயினோலின் வளையம் ஹீமின் மேல் படிந்து அந்தப் படிகத்தை வளரவிடாது. 7-இல் உள்ள குளோரினை எடுத்துப் பாருங்கள், இந்தத் தடுப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

ஒட்டுண்ணி இந்த மருந்துக்கு அடங்காமல் போன கதையும் இதே படத்தில்தான் இருக்கிறது. குமிழிச் சவ்வில் உள்ள பிஎஃப்சிஆர்டி புரதத்தில் 76-ஆவது அமினோ அமிலமான லைசின் திரியோனினாக மாறியதும், அங்கிருந்த நேர்மின்சுமை போய், புரோட்டான் ஏறிய மருந்து அந்த வழியாக வெளியேறிவிடுகிறது. ஆனால் சங்கிலியை இரண்டு மூன்று கார்பனாகக் குறுக்கினால் அந்த ஒட்டுண்ணிகளிடமும் மருந்து வேலை செய்வதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்!

நீங்களே செய்து பார்ப்பதானால் 4,7-டைகுளோரோகுயினோலினை எடுங்கள். நீங்கள் மாட்ட நினைக்கும் அமினை அதிகமாகச் சேர்த்து, கரைப்பான் இல்லாமல், புகைப்போக்கி அறைக்குள் வைத்து 110 முதல் 130 டிகிரியில் சூடாக்கினால், 4-இல் உள்ள குளோரின் மட்டும் விலகி அமின் அங்கே உட்காரும், 7-இல் உள்ளது அசையாது. டிஎல்சி (பொருள்களைப் பிரித்துப் பார்க்கும் சிலிக்கா பூசிய) தட்டில் புள்ளி வால் முளைத்து மேலேறும், பயப்படாதீர்கள், காரமான பொருள் சிலிக்காவில் ஒட்டுகிறது, அவ்வளவுதான். ஓடுகரைசலில் சில சொட்டு டிரைஎத்தில்அமின் விட்டால் சரியாகிவிடும். அப்புறம் என்எம்ஆரில் (காந்தப்புலத்தில் அணுக்கள் தரும் குறிகளைப் படிக்கும் முறை) 3-ஆம் இடத்து ஹைட்ரஜனை மட்டும் தேடுங்கள். முதலில் 7.5 பிபிஎம் பக்கம் இருந்தது 6.4-க்கு இறங்கியிருந்தால் வேலை முடிந்தது.

இதெல்லாம் கைவந்த பிறகு இன்னொரு மலேரியா மருந்தான பிரைமாகுயினை வரையுங்கள். 6-இல் மெத்தாக்சி, குயினைனில் இருப்பது போலவே (நீலகிரியில் சிங்கோனா நட்டதே அந்தக் குயினைனுக்காகத்தான்). ஆனால் அமினோ 4-இல் இல்லை, 8-இல் இருக்கிறது. இது கல்லீரலில் உறங்கும் வைவாக்ஸ் வகை மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்லும், குளோரோகுயினால் அது முடியாது. ஜி6பிடி நொதி குறைவாக உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்களையும் இதே மருந்து உடைத்துவிடும், அதனால் பரிசோதனை செய்யாமல் கொடுக்கக் கூடாது. காசநோய்க்கான பெடாகுயிலினில் 4-அமினோவும் இல்லை, 8-அமினோவும் இல்லை. அது பிடிப்பது பாக்டீரியாவுக்கு ஆற்றல் தயாரித்துக் கொடுக்கும் ஏடிபி சிந்தேஸ் நொதியை. அதன் 2-இலும் 6-இலும் என்ன இருக்கிறது என்று நீங்களே எண் போட்டுக் கண்டுபிடியுங்கள்.