பொம்மையைத் திறந்து இரைச்சல் எடுக்கப் போகிறீர்களா? இந்தப் பிழைகளை விடாதீர்கள்

வற்றாப்பளைப் பொங்கலுக்கோ மடுத் திருவிழாவுக்கோ போய்வந்த வீடுகளில் ஒரு மாதத்துக்குப் பிறகு பார்த்தால் தெரியும். சில்லு கழன்ற பொலிஸ் கார், அமத்தினால் பாட்டுப் படிக்கிற ரெலிபோன், பாதிக் கட்டை வேலை செய்யாத சின்னப் பியானோ எல்லாம் ஒரு மூலையில் கிடக்கும். பிளாஸ்ரிக் உடைந்திருந்தாலும் உள்ளே இருக்கிற போர்ட், அதாவது மின்பாகங்கள் பூட்டின தட்டு, பெரும்பாலும் நல்லாகத்தான் இருக்கும். அதைத் திறந்து, தொடக்கூடாத இரண்டு இடங்களை ஒரு வயர்த்துண்டால் தொட்டால், பாட்டு நடுவில் கிழிந்து, குரைத்து, தண்ணீருக்குள் அமிழ்ந்து, வேறொன்றாக வெளியே வரும். இதற்கு சேர்க்கிட் பென்டிங் என்று பெயர், இப்படி இரைச்சலையே இசையாக்குவதுதான் இரைச்சல் இசை. அமெரிக்காவில் றீட் கசாலா என்பவர் 1960களில் மேசை இழுப்பறைக்குள் கிடந்த ஒரு சின்ன அம்பிளிபயர் எதிலோ முட்டி விசித்திரமாகச் சத்தம் போட்டதைக் கேட்டு இதைத் தொடங்கினார், 1992இல் அவரே அந்தப் பெயரையும் வைத்தார். 1978இல் வந்த, எழுத்துக்கூட்டப் பழக்குகிற ஸ்பீக் அண்ட் ஸ்பெல் பொம்மை, 1980களின் நடுவில் வந்த கசியோ எஸ்கே-1 என்ற சின்னக் கீபோர்ட் எல்லாம் இந்த வேலைக்குப் பெயர்போனவை. எங்களுக்கு அவை கிடைக்காது, தேவையும் இல்லை. திருவிழாக் கடைச் சாமானே காணும்.

நான் கிளிநொச்சிப் பக்கம். சில வருடங்களாக இதைச் செய்கிறேன், கேட்டு வருகிற பெடியளுக்கும் காட்டுகிறேன். கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே பிழைகளைத்தான் விடுகிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலாவது மின்சாரம். சுவரில் செருகுகிற எதையும் திறக்காதீர்கள், எங்கள் வீட்டுக் கறண்ட் 230 வோல்ற். "அடப்டர்தானே, வெளியே வருவது ஆறு வோல்ற்தானே" என்று நினைத்து மலிவு அடப்டரில் பொம்மையைப் போட்டு, திறந்த போர்ட்டில் ஈரவிரலை வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அடப்டருக்குள் 230க்கும் ஆறுக்கும் நடுவில் இருக்கிற தடுப்பு எவ்வளவு நல்லது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பற்றரியில் ஓடுகிற சாமானை மட்டும் எடுங்கள், அதையும் பற்றரியில் மட்டும் ஓட்டுங்கள். பழைய பெட்டி ரிவி, பிளாஷ் உள்ள பழைய கமெரா இரண்டையும் தொடவே வேண்டாம். பற்றரியைக் கழற்றின பிறகும் கமெராப் பிளாஷின் கப்பாசிற்றருக்குள், அதாவது மின்னைச் சேர்த்துவைக்கிற பாகத்துக்குள், 300 வோல்ற் அளவுக்கு நிற்கும்.

பற்றரி என்றால் எந்தப் பற்றரியும் சரி என்றும் இல்லை. இங்கே பல வீட்டில் சோலர் பற்றரி இருக்கிறது, மோட்டார் சைக்கிள் பற்றரியும் கைக்கெட்டும். இரண்டுமே 12 வோல்ற். மூன்று சின்னப் பற்றரியில், அதாவது 4.5 வோல்ற்றில் ஓடுகிற பொம்மைக்கு அதைக் கொடுத்தால் சிப் போய்விடும், ஆனால் அது சின்ன நட்டம். நீங்கள் தவறுதலாக முனையோடு முனையை முட்டினால் சின்னப் பற்றரி கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதான். அந்தப் பெரிய பற்றரியில் வயரே சிவந்து பிளாஸ்ரிக் உருகி விரலில் ஒட்டும். பவர் பாங்கிலிருந்து கழற்றின லித்தியம் பற்றரியும் அப்படித்தான், அது தீப்பிடிக்கவும் கூடும்.

இன்னொன்று, சைக்கிள் டைனமோ. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரியும் தடைசெய்யப்பட்ட சாமான்தான் என்பதால் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றித்தான் செய்தியும் பாட்டும் கேட்டோம் என்று எங்கள் வீட்டுப் பெரியாக்கள் சொல்லுவார்கள். சுற்றுகிறவரின் கை சோர்ந்தால் கசெற்றில் பாடுகிறவரின் குரலும் இழுபட்டுத் தடித்துப்போகும். இந்த இசைக்கு அதைவிட நல்ல வழி இல்லை என்றுதான் நான் நம்புகிறேன், பெடலை மிதித்தே பொம்மையைப் பாடவைக்கிற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் நேரே கொளுவாதீர்கள். டைனமோவில் வருவது திசை மாறிமாறி ஓடுகிற ஏசி, பொம்மைக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடுகிற டிசி. அதோடு 6 வோல்ற் என்று அதில் எழுதியிருப்பது லைற்றும் பூட்டியிருக்கும்போதுதான். லைற் இல்லாமல் வேகமாகச் சுற்றினால் அதைவிட எவ்வளவோ மேலே போகும். ஏசியை டிசியாக்க நாலு டயோட், ஒரு பெரிய கப்பாசிற்றர், வோல்ற்றைக் கட்டுப்படுத்த ஒரு ரெகுலேற்றர், இவ்வளவும் போட்ட பிறகுதான் பொம்மை.

அடுத்தது வன்னியில் இருக்கிறவர்களுக்கு மட்டும். வயர், பற்றரி, ஸ்பீக்கர் தேடிக் காணிக்குள்ளும் பற்றைக்குள்ளும் பழைய பங்கர்ப் பக்கமும் போகாதீர்கள். மண்ணுக்குள்ளிருந்து வந்த எந்தச் சாமானையும், அது எவ்வளவு றேடியோ மாதிரி இருந்தாலும், எடுக்கவோ திறக்கவோ வேண்டாம். கண்ணிவெடி அகற்றுகிற வேலை போர் முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் நடந்தது சும்மா இல்லை. கண்டால் தொடாமல் திரும்பி வந்து கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள்.

சரி, பொம்மை கையில் இருக்கிறது. இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். திறக்கும் முன் அதை முழுக்கக் கேளுங்கள். ஒவ்வொரு கட்டையையும் அமத்துங்கள், இரண்டு மூன்றைச் சேர்த்து அமத்துங்கள், பாட்டு முடிகிற இடத்தில் என்ன செய்கிறது என்று பாருங்கள். அது சாதாரணமாக என்ன சொல்கிறது என்று தெரியாதவருக்கு, அது மாறிச் சொல்லும்போது எது மாறினது என்றே பிடிபடாது. பிறகு ஸ்குறூவைக் கழற்றுங்கள், மூடியை மெதுவாகத் தூக்குங்கள். ஸ்பீக்கர் வயரும் பற்றரி வயரும் நூல் மாதிரி மெல்லியவை, இழுத்தால் அறும். எது எங்கே இருந்தது என்று அறுகிற முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

போர்ட்டில் கறுப்பு மெழுகுத்துளி மாதிரி ஒன்று இருக்கும். சிப் அதற்குக் கீழே இருக்கிறது, அதைச் சுரண்ட வேண்டாம். முதலில் வயரைத் தொடாமல் விரலை ஈரமாக்கிப் பொம்மை பாடும்போது அந்தத் துளியைச் சுற்றியுள்ள சின்னப் பாகங்களை மெல்லத் தொடுங்கள். ஒரு றெசிஸ்ரரின், அதாவது மின்னோட்டத்தைத் தடுத்துக் குறைக்கிற பாகத்தின், இரண்டு காலையும் விரல் சேர்த்துத் தொடுகிற கணத்தில் பாட்டின் சுருதி "ங்ய்ய்ங்" என்று மேலே ஏறினால், பொம்மையின் வேகத்தைப் பிடித்து வைத்திருக்கிற றெசிஸ்ரர் அதுதான். இதைக் கண்டுபிடிக்காமல் நேரே வயரை எடுத்துக் குத்துகிறவர் பொம்மையின் பாதி இனிமையை இழந்துவிடுகிறார். அந்த றெசிஸ்ரரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில், பழைய றேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் மாதிரி, ஒரு மெகாஓம் குமிழ் ஒன்றைப் போட்டால் பாட்டை மாட்டுவண்டி வேகத்துக்கு இறக்கலாம், நுளம்பு வேகத்துக்கு ஏற்றலாம். குமிழை மட்டும் போட்டால் பிழை. அதைக் கடைசிவரை திருப்பினால் தடை பூச்சியமாகிப் பொம்மை விறைத்துப்போகும். குமிழோடு தொடராக ஒரு சின்ன றெசிஸ்ரரையும் போடுங்கள், எங்கே விறைக்கிறது என்று பார்த்து அதற்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிற அளவில். சில புதுப் பொம்மைகளில் அந்த றெசிஸ்ரர் வெளியே இருக்காது, சிப்புக்குள்ளேயே இருக்கும். நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது, வேறு பொம்மையை எடுங்கள்.

பிறகு வயர். இரண்டு முனையிலும் முதலைக் கிளிப் உள்ள வயர் ஒன்று, அதற்கு நடுவில் ஒரு நூறு ஓம் றெசிஸ்ரர். ஒரு முனையை ஒரு புள்ளியில் நிறுத்தி, மற்றதை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். இரண்டு கையும் ஒரேநேரம் ஓடினால் நல்ல சத்தம் வந்தாலும் எங்கே வந்தது என்று தெரியாது. கொப்பியில் எழுதுங்கள், அல்லது போர்ட்டின் படத்தில் குறியுங்கள். பற்றரி வயர் வந்து சேருகிற இடங்களையும் ஸ்பீக்கருக்குப் போகிற இடங்களையும் தொடவே வேண்டாம், பொம்மைகள் சாகிறது பெரும்பாலும் அங்கேதான். ஏதாவது சூடாகினால், மணத்தால், சத்தம் திடீரென்று ஒடுங்கினால், யோசிக்காமல் பற்றரியைக் கழற்றுங்கள்.

ஆனால் பொம்மை பேசாமல் நின்றவுடன் செத்துவிட்டது என்று குப்பையில் போடுவதும் ஒரு பிழை. என்னிடம் இருக்கிற ரெலிபோன் ஒன்று "ஹலோ" சொல்லத் தொடங்கி "ஹ" விலேயே நின்று ஒரு நிமிடம் கீச்சிட்டுவிட்டு அடங்கிப்போகும். பற்றரியைக் கழற்றி, பத்து எண்ணி, திரும்பப் போட்டால் ஒன்றும் நடக்காததுபோல் "ஹலோ" என்கும். அதனால் பற்றரி வயரில் ஒரு சுவிச்சு வையுங்கள், ஒவ்வொரு முறையும் மூடியைத் திறக்க வேண்டியிருக்காது.

ஈயம் பற்றவைக்கிறதில் ஒன்றிரண்டுதான். 60/40 ஈயம், அதாவது வெள்ளீயம் 60 பங்கும் ஈயம் 40 பங்கும் கலந்தது, 190 பாகை அளவில் உருகிவிடும், பற்றவைக்கிற அயனை அந்தப் புள்ளியில் மூன்று நான்கு செக்கனுக்கு மேல் வைத்திருந்தால் செம்புத்தகடு போர்ட்டை விட்டுக் கழன்று வந்துவிடும். தகரம் பற்றவைக்கிற அமிலத்தைப் பாவிக்காதீர்கள், ஒரு மாதத்தில் வயரைத் தின்றுவிடும். வெத்திலை போட்டுக்கொண்டோ பணிஸ் தின்றுகொண்டோ செய்யவேண்டாம், ஈயம் கையிலிருந்து வாய்க்குப் போகும், முடிந்ததும் சோப் போட்டுக் கழுவுங்கள். பொம்மைக்குள் பொத்தான் பற்றரி இருந்தால் கழற்றின உடனே குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே தொண்டைக்குழாயைச் சுட்டுவிடும்.

பொம்மையைப் பெரிய சவுண்ட் செற்றில் கேட்க எல்லாருக்கும் ஆசை. ஸ்பீக்கர் வயர் இரண்டையும் வெட்டி ஒரு ஜக்கில் ஒட்டி நேரே செருகாதீர்கள். பல பொம்மைகளில் அந்த இரண்டு வயரில் ஒன்றுகூட எர்த் இல்லை, இரண்டிலும் சிக்னல் ஓடுகிறது. ஜக் அதில் ஒன்றை எர்த்தோடு சேர்த்துவிடும், அதில் சிப் போகவும் கூடும். பழைய பொக்கற் றேடியோவிலிருந்து ஒரு சின்ன ஓடியோ ட்ரான்ஸ்போமர் கழற்றி நடுவில் போடலாம், இல்லாவிட்டால் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மைக்கை வையுங்கள், எனக்கு இரண்டாவதுதான் விருப்பம், பிளாஸ்ரிக் உடம்பின் அதிர்வும் சேர்ந்து வரும். செருகும் முன் சத்தத்தைப் பூச்சியத்துக்கு இறக்குங்கள். காதில் ஹெட்போன் போட்டுக்கொண்டு புள்ளி தேடவே வேண்டாம், அடுத்த புள்ளியில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. 85 டெசிபலில் எட்டு மணித்தியாலம் இருக்கலாம் என்றால் 100 டெசிபலில் கால் மணித்தியாலம்தான் இருக்கலாம். இரைச்சல் இசை அந்த நூறைச் சுலபமாகத் தாண்டும்.

இனிச் சொல்லப்போவதை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். ஒருநாள் பின்னேரம் திண்ணையில் இருந்து ஒரு பொலிஸ் காரின் சைரனைக் குமிழால் இறக்கிக்கொண்டே போனேன். "வீயூ வீயூ" என்றது தடித்து, நீண்டு, ஒரே தொனியில் நின்று "ங்ங்ங்ங்" என்று இரைந்தது. எனக்குச் சந்தோசம், சத்தத்தையும் கூட்டினேன். வேலிக்கு அந்தப்பக்கம் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த ஆச்சி ஈர்க்குமாறோடு நின்று மேலே பார்த்தா. மரத்துக்கு மேலே, வானத்தை. பிறகுதான் எனக்கு விளங்கியது. போர்க்காலத்தில் தலைக்கு மேலே சுற்றின ஆளில்லா விமானத்தை இங்கே வண்டு என்றுதான் சொல்லுவார்கள், அதன் இரைச்சல் இப்படித்தான். "என்ன தம்பி அது?" என்று கேட்டா. "விளையாட்டுச் சாமான் ஆச்சி" என்று பற்றரியைக் கழற்றிக் காட்டினேன். அவ அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தந்தா.

அந்தக் காரை இப்போது திண்ணையிலும் இல்லை, ஹெட்போனிலும் இல்லை, மூடின அறைக்குள் சின்ன ஸ்பீக்கரில்தான் ஓட்டுகிறேன். நீங்கள் எங்கே செய்தாலும் சைரன், துப்பாக்கி, நீண்ட இரைச்சல் எதையும் முற்றத்தில் கூட்டிக் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுக்குப் போய் இன்றைக்கு இப்படி ஒரு சத்தம் வரும் என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், இரவில் வேண்டாம், ஓஎல், ஏஎல் சோதனைக் காலத்திலும் வேண்டாம். இரைச்சல் இசையை வெளியூர்களில் சிலர் ஆக்களை உலுப்புவதற்கென்றே செய்வார்கள். எங்களுடைய ஆக்களை உலுப்ப எனக்கு மனமில்லை.

கடைசியாக, பதியாமல் விடுவது. பற்றரி தேய்ந்துகொண்டு வரும்போது ஒரு பொம்மை எடுக்கிற குரல் புதுப் பற்றரி போட்ட பிறகு வராது, அடுத்த நாளும் வராது. அதனால் தொடங்கும்போதே போனில் பதிவை ஓடவிடுங்கள், ஆனால் போனைப் போர்ட்டுக்குக் கிட்ட வைக்காமல் ஒரு கை தூரத்தில், பிளைற் மோடில் வையுங்கள், இல்லாவிட்டால் அழைப்பு வரும்போது "டிர்ர் டிர்ர்" என்று அதுவும் சேர்ந்து பதியும். பதிகிற செயலியில் இரைச்சலைக் குறைக்கிற வசதி ஒன்று இருக்கும், அதை நிறுத்துங்கள். அந்த ரெலிபோனின் மிக நல்ல ஒன்பது நிமிடத்தை நான் இழந்தது அதனால்தான். நீண்டு நின்ற தொனியை எல்லாம் போன் பின்னணிச் சத்தம் என்று எடுத்து அழித்துவிட்டு, நான் கதிரையை இழுத்த சத்தத்தை மட்டும் தெளிவாக வைத்திருந்தது.