ஓ.ஆர்.எஸ். கலக்குவது எப்படி: நைனாவும் ஒரு டம்ளர் கடல் தண்ணீரும்

போன அக்னி நட்சத்திரத்தில் நைனாவுக்கு வாந்தி பேதி. காசிமேட்டில் நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து வலை சரிபார்க்கிற ஆள். நான் அவசரத்தில் ஓ.ஆர்.எஸ். (பேதியில் இழக்கும் தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டத் தண்ணீரில் கலந்து குடிக்கிற உப்பு, சர்க்கரைத் தூள்) பாக்கெட்டைக் கிழித்து ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாடா இது, கடல் தண்ணிய மொண்டுகினு வந்தியா?" என்றார். விடாமல் முழுசாகக் குடிக்கவைத்தேன். பேதி இன்னும் அதிகமானது. சுகாதார நிலையத்து நர்ஸ் அக்காதான் காலி பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினார்: 1 லிட்டருக்கு.

நீங்கள் அப்படிச் செய்யாமல் இருக்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் தண்ணீரை அளங்கள்

பாக்கெட்டைக் கிழிக்கும் முன்பே 1 லிட்டர் தண்ணீரை அளந்து வைத்துவிடுங்கள். கேன் தண்ணீரோ, கொதித்து ஆறிய மெட்ரோ தண்ணீரோ, எதுவும் சரி. டம்ளர் கணக்கு மட்டும் வேண்டாம். எங்கள் வீட்டிலேயே நாலு அளவில் டம்ளர் இருக்கிறது. கடையில் வாங்கிய 1 லிட்டர் தண்ணீர் பாட்டில்தான் என் கட்சி. 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் விற்கிறார்கள், அதனால் அச்சைப் படியுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? கருவாடு போடுவதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மீனில் உப்பைத் தூவினால் சதைக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே வந்து தொட்டியில் தேங்கும். கரைசல் கெட்டியாக இருந்தால் குடலிலும் அதே கதைதான்: உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். சரியாகக் கலந்த கரைசலின் அடர்த்தி லிட்டருக்கு 245 மில்லி ஆஸ்மோல் (தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதைச் சொல்லும் அளவு). இரத்தத்தில் சுமார் 290. நான் கலக்கியது 200 மில்லி டம்ளரில், அதாவது ஐந்து மடங்கு, 1225. நைனாவின் குடலில் நானே கருவாடு போட்டிருக்கிறேன்.

சரியான அளவில் நடப்பது வேறு. சிறுகுடலின் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஒரே வாசல் வழியாக ஜோடியாக உள்ளே போகும், தண்ணீர் பின்னாலேயே போகும். பெரும்பாலான பேதியில் இந்த வாசல் பழுதாவதில்லை. அதனால்தான் இந்தக் கரைசலில் சோடியமும் குளுக்கோஸும் சமமாக, லிட்டருக்கு 75 மில்லிமோல் வீதம் இருக்கின்றன.

அப்புறம் கலக்கி, நாக்கில் வையுங்கள்

முழு பாக்கெட்டையும் ஒரே தடவையில் கொட்டிக் கலக்குங்கள். சுவை கண்ணீரின் உப்பைத் தாண்டக் கூடாது. கலந்தபின் சூடாக்காதீர்கள். 24 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள்.

பாக்கெட் இல்லையா? 1 லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் தூள் உப்பு. கல் உப்பு வேண்டாம், ஸ்பூனில் அளவு பிடிபடாது. இருமல் மருந்தோடு வரும் 5 மில்லி மூடியை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன், இதற்கு அதுதான் லாயக்கு. ஆனால் இதில் பொட்டாசியமும் சிட்ரேட்டும் இல்லை, பாக்கெட் கிடைக்கும்வரைதான் இது.

சிட்ரேட் எதற்கு என்றால், பேதியில் பைகார்பனேட்டும் (இரத்தத்தில் அமிலத்தை அடக்கிவைக்கிற பொருள்) வெளியேறுகிறது. இரத்தத்தின் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் எண்) 7.35க்கும் 7.45க்கும் நடுவில் நிற்க வேண்டும். பைகார்பனேட் குறைந்தால் அமிலப் பக்கம் சாயும். நுரையீரல் உடனே வேகமாக இயங்கி, கார்பன் டை ஆக்சைடை ஊதித் தள்ளி ஈடுகட்டும். சிறுநீரகமும் வேலையைத் தொடங்கும், ஆனால் அது நாள்கணக்கில் நடக்கிற வேலை. நாம் குடிக்கும் சிட்ரேட் உடம்புக்குள் பைகார்பனேட்டாக மாறிக் கைகொடுக்கிறது. 1971இல் மேற்கு வங்காளத்தின் பங்கான் அகதி முகாமில், காலரா நோயாளிகளுக்கு டாக்டர் திலீப் மகலனாபிஸ் டிரம்களில் கலந்து கொடுத்ததில் சோடா உப்பே, அதாவது நேரடியாக பைகார்பனேட்டே, இருந்தது. பாக்கெட்டில் அது சீக்கிரம் கெடுவதால் பின்னால் சிட்ரேட்டுக்கு மாறினார்கள்.

கொடுக்கும் விதம்

ஒவ்வொரு பேதிக்குப் பிறகும்: 2 வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, 10 வயதுவரை 100 முதல் 200, பெரியவர்களுக்கு வேண்டிய அளவு. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

கண் குழிவது, கிள்ளிய தோல் மெதுவாகத் திரும்புவது, சிறுநீர் வராதது, மயக்கம், வேகமான ஆழ்ந்த மூச்சு, மலத்தில் இரத்தம் என எதைப் பார்த்தாலும் கலக்கிக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பின்சேர்க்கை (கமெண்ட்டில் கேட்டவர்களுக்கு)

"வெறும் தண்ணீர் போதாதா?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இழப்பது தண்ணீரும் உப்பும். தண்ணீரை மட்டும் ஊற்றினால் இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும்; ரொம்ப இறங்கினால் குழப்பம், வலிப்புவரை போகும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. கடையில் அட்டைப் பெட்டியில் வரும் பழச்சுவை பானத்தில் சர்க்கரைதான் தூக்கல். ஓ.ஆர்.எஸ். கேட்டபோது எனக்கும் ஒரு மருந்துக் கடையில் அதைத்தான் முதலில் நீட்டினார்கள்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு அக்கா, மாமியாருக்குச் சிறுநீரகம் பழுது, கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள் அக்கா. மிஞ்சிய பொட்டாசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது முடியாதபோது இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.