கண்மாய்க்குள் பொக்லைன் இறங்கும் முன்: தூர்வாருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை வந்துவிட்டால் எங்காவது ஓர் ஊரில் இளைஞர்கள் பணம் திரட்டிக் கண்மாயைத் தூர்வாரக் கிளம்புகிறார்கள். அந்த வேகத்தைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் வேலை நடக்கும் இடத்தில் போய் நின்றால், எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள் அப்படியே திரும்ப நடக்கின்றன. அனுமதி இல்லாமல் மண் அள்ளுவது, கணக்கு எழுதாமல் செலவு செய்வது போன்றவற்றை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவற்றைச் சொல்கிறேன்.

வரத்துக் கால்வாயை நடந்து பார்க்காமல் உள்ளே தோண்டுவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

சிவகங்கை மாவட்டத்தில் ஓர் ஊர். வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் அனுப்பிய பணம் முழுவதும் பொக்லைன் வாடகைக்கும் டீசலுக்கும் போனது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை நன்றாகவே பெய்தது. மேல் கண்மாய் நிறைந்து மறுகால் போனது. இவர்கள் கண்மாயிலோ முழங்கால் அளவுத் தண்ணீர்தான். "மழை ஏமாத்திருச்சுங்க" என்றார்கள்.

மேல் கண்மாயின் கலங்கலில், அதாவது நிறைந்த தண்ணீர் வழிந்து வெளியேறும் இடத்தில் தொடங்கி, கால்வாய் வழியாகவே அவர்களோடு நடந்தேன். பாதி வழியில், சாலையை அகலப்படுத்தியபோது போட்ட குழாய்ப் பாலம் ஒன்று. குழாயின் அடிமட்டம் கால்வாயின் தரையைவிட ஒன்றரை அடி உயரத்தில் இருந்தது. வந்த தண்ணீர் அங்கே முட்டி நின்று, பக்கத்துத் தரிசில் பரவி, வேறு ஓடைக்குப் போயிருக்கிறது. இன்னும் கொஞ்சம் கீழே, கால்வாய்க்கு நடுவிலேயே வீட்டுமனைக் கல் ஊன்றியிருந்தார்கள். தோண்டச் செலவழித்த பணத்தில் ஒரு சிறு பங்கு போதும், அந்தக் குழாயை இறக்கிப் போட்டிருக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் பரப்பை ஒரு மீட்டர் ஆழம் தோண்டினால் 10,000 கன மீட்டர் மண் வரும். ஒரு டிராக்டர் லோடுக்கு 3 கன மீட்டர் என்று வைத்தாலும் 3,000 லோடுக்கு மேல். 40 ஹெக்டேர் கண்மாய் என்றால் ஒரு லட்சம் லோடைத் தாண்டிவிடும். எந்த ஊர் நிதிக்கும் அது கட்டுப்படியாகாது. அதனால் ஒரு மூலையில் பள்ளம் பறித்து, படம் எடுத்துப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. அவற்றில் பல, மேலே உள்ளது நிறைந்து வழிந்தால்தான் கீழே உள்ளதற்குத் தண்ணீர் என்ற வரிசையில் அமைந்தவை. அந்த வழி அடைபட்டிருக்கும்போது உள்ளே எவ்வளவு ஆழப்படுத்தினால் என்ன?

சரி, எப்படித் தொடங்குவது? கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தையும், எந்தப் புல எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் 'அ' பதிவேட்டையும் பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு என்று எந்தெந்தப் புல எண்ணில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஊரில் நீர்பாய்ச்சியாக, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடுபவராக இருந்த பெரியவர் யாராவது இருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு நடங்கள். படத்தில் இல்லாத பல விஷயங்கள் அவருக்குத் தெரியும். சந்தேகமான இடத்தில் கொத்தனார் வைத்திருக்கும் லெவல் டியூபை வைத்து மட்டம் பாருங்கள். அப்புறம், ஒரு நல்ல மழை நாளில் இன்னொரு முறை நடந்தால் தண்ணீர் எங்கே திரும்புகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

ஆக்கிரமிப்பு இருந்தால் நீங்களே இயந்திரத்தை விட்டு இடிக்கப் போகாதீர்கள். ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும், வேலையும் நின்றுவிடும். யாரிடம் மனு கொடுப்பது என்பதிலும் குழப்பம் வருகிறது. பொதுவாக, ஆயக்கட்டு, அதாவது கண்மாயால் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறையின் பொறுப்பு, குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. 2007-ல் வந்த ஏரிப் பாதுகாப்புச் சட்டம் முதல் வகைக்குத்தான். மற்றதற்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தைக் காட்டி வட்டாட்சியரிடம் போக வேண்டும்.

மடையின் மட்டத்துக்குக் கீழே பறிப்பது

மடை என்பது கண்மாயிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடும் திறப்பு. அதன் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. மோட்டார் வைத்திருப்பவர்தான் அதை எடுப்பார். மாடு குடிக்கவும் மீன் பிழைக்கவும் ஓரிடத்தில் கொஞ்சம் ஆழம் வேண்டும் என்பது நியாயம். அதைப் பாசனத்துக்கான கொள்ளளவு என்று கணக்குக் காட்டாதீர்கள்.

கரையின் அடியை ஒட்டிப் பறிப்பது இதைவிட மோசம். கரையின் கால் பலவீனமாகி, நிறைந்த கண்மாயில் சரிவு வரும்.

கலங்கலை உயர்த்துவது

ஒரு அடி உயர்த்தினால் கூடுதல் தண்ணீர் நிற்கும் என்று ஆசைப்படுகிறார்கள். உள்வாயில், அதாவது கண்மாய்க்குள் தண்ணீர் ஏறும் ஓரத்தில் இருக்கும் பட்டா நிலம் மூழ்கும், கீழ்க் கண்மாய்க்குப் போவது குறையும். வெள்ளம் வழியப் போதிய இடம் இல்லாவிட்டால் கரையே உடையும். பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்லாமல் கலங்கலில் கை வைக்கக் கூடாது.

எல்லா மரத்தையும் வெட்டுவது

சீமைக் கருவேலத்தை வேரோடு எடுங்கள். வெட்டி மட்டும் விட்டால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும். ஆனால் முள்ளைப் பார்த்ததும் நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்துச் சாய்க்கிறார்கள். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் அந்த மரத்திலும் பறவைகள் கூடு கட்டுகின்றன. கரைச் சரிவில் இருக்கும் கோரையும் புல்லும் மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை. அவற்றையும் வழித்தெடுக்க வேண்டாம்.

நடுவில் மண் தீவு

அள்ளிய மண்ணை உள்ளேயே போட்டால் தூர்வாரியதாக ஆகாது. வண்டலை வயலுக்குக் கொடுங்கள்.

சுற்றிலும் நடைபாதை

தண்ணீர் உள்ளே வரும் வழிகளை அடைக்காமல் ஒன்றுகூட நான் பார்த்ததில்லை.

ஆண்களை மட்டும் வைத்துக் குழு அமைப்பது

ஆடு மேய்ப்பவரும் மீன் பிடிப்பவரும் தண்ணீர் எடுக்க வரும் பெண்களும் முதல் கூட்டத்திலேயே இருக்க வேண்டும். கீழ்க் கண்மாய் ஊர்க்காரர்களும்.

புரட்டாசியில் கரைக்குப் புது மண் போடுவது

இறுகாத மண் முதல் பெருமழைக்கே கரைந்துவிடும். கரை வேலையை ஆடிக்குள் முடியுங்கள், அல்லது அடுத்த கோடைக்குத் தள்ளுங்கள்.