அறுபத்திநாலு: மலையில் மழை அளக்கும்போது விடக்கூடாத பிழைகள்

மண்சரிவுக்கு முன் ஆட்களை எச்சரிக்க மழை அளக்கும் எங்கள் மலையகத் தோட்டத்து அனர்த்தக் குழுவில் இந்த வருடம் புதிதாக ஏழு பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். மழைக்கோட்டு, டோர்ச், விசில் எல்லாம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் விடும் பிழைகளைப் பார்த்தால், பதினைந்து வருடங்களுக்கு முன் நான் விட்டவற்றை யாரோ பிரதி எடுத்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது. செருப்போடு சேற்றில் இறங்குவது, போனுக்குச் சார்ஜ் போடாமல் விடுவது போன்றவற்றை நான் சொல்லத் தேவையில்லை. முதல் மழையே சொல்லிக் கொடுத்துவிடும்.

புயல் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பது

புயல் என்றதும் எல்லோரும் போனில் சுழலும் படத்தைத் திறக்கிறார்கள். "அண்ணே, திருகோணமலைக்குத்தான் போகுது, நமக்கு ஒன்றுமில்லை." கரையில் இருப்பவருக்குப் புயல் காற்றாகவும் கடலாகவும் வரும். நமக்கு அது மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர். 2025 நவம்பர் 28 அன்று டித்வா புயல் இலங்கையின் கிழக்குக் கரையில்தான் ஏறியது. காற்று அப்படியொன்றும் பயங்கரமில்லை. ஆனால் நாடு முழுக்க இறந்த 600க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் மலையக மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். கண்டி மாவட்டத்தில்தான் சாவு அதிகம்.

இன்னொன்று. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போனார்கள். அந்த மழையைக் கொண்டுவந்தது பிறகு 'ரோனு' என்று பெயர் வாங்கிய புயல். மலை சரிந்த அன்று அதற்கு இன்னும் பெயரே வைக்கவில்லை, வெறும் தாழமுக்கம்தான். பெயர் வரும்வரை காத்திருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

காலை எட்டரைக்குப் பூச்சியத்திலிருந்து தொடங்குவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சலைக் கிளப்புவது இந்தப் பிழைதான். கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

மழை அளக்க எங்களிடம் இருப்பது சோடாப் போத்தல். பக்கங்கள் நேராக உள்ளதாகப் பார்த்து மேல்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல் போல் செருகி, அடியில் கூழாங்கல் போட்டு, பூச்சியக் கோடு வரை தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் பிள்ளைகளின் அடிமட்டத்தை ஒட்டிவிட்டால் மழைமானி தயார். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குச் சொல்லும் எல்லைகள் எல்லோருக்கும் மனப்பாடம்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் மஞ்சள், விழிப்பு; 100 என்றால் செம்மஞ்சள், வெளியேறத் தயார்; 150 என்றால் சிவப்பு, வெளியேறு. ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலும் வெளியேறுவதுதான். அப்போது கணக்குப் பார்க்க நிற்கக்கூடாது.

வானிலைத் திணைக்களம் காலை 8.30க்கு அளக்கிறது என்பதால் நாங்களும் 8.30க்கு அளந்து, எழுதி, போத்தலைக் கொட்டிவிடுவோம். அதில் பிழையில்லை. கொட்டியதோடு மனதிலிருந்தும் கொட்டிவிடுவதுதான் பிழை.

ஒரு கார்த்திகை மாதம். முந்தின இரவு ஒன்பது மணிக்கு மழை பிடித்தது. காலை எட்டரைக்குப் பார்த்தேன்: 72. "மஞ்சளுக்குக்கூட மூன்று குறைவு" என்று எழுதிவிட்டுக் கொட்டினேன். பின்னேரம் நான்கு மணிக்கு மறுபடி பார்த்தேன்: 64. மேல் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) ஆட்கள் கோவில் வாசலில் சாமான் மூட்டையோடு நின்றுகொண்டு என்ன செய்வது என்று கேட்டார்கள். நான் பெரிய அதிகாரி மாதிரி, "அறுபத்திநாலுதான், போய்ப் படுங்கள்" என்றேன்.

மழை தொடங்கிப் பத்தொன்பது மணி நேரம். 72உம் 64உம் சேர்ந்தால் 136. செம்மஞ்சள் எப்போதோ தாண்டிவிட்டது; சிவப்புக்கு இன்னும் 14தான். இருபத்திநாலு மணி நேரம் என்பது காலையிலிருந்து காலைக்கு அல்ல, நீங்கள் போத்தலைப் பார்க்கும் அந்த நிமிடத்திலிருந்து பின்னோக்கி. போத்தலைத்தான் நான் கொட்டினேன், மண் எதையும் கொட்டவில்லை.

இரவு எட்டே காலுக்கு லயத்தின் பின்பக்க மண்மேடு இறங்கி, கடைசி மூன்று காம்பராக்களின் குசினிகளை மூடியது. பெரும்பாலானோர் முன்பக்கம் இருந்ததால் உயிர்ச்சேதமில்லை. ஒரு அம்மாயிக்கு மட்டும் கால் முறிந்தது. இன்றைக்கும் என்னைக் கண்டால், "வா அறுபத்திநாலு, தேத்தண்ணி குடிச்சியா?" என்றுதான் கேட்பார். தோட்டத்தில் பாதிப் பேருக்கு என் சொந்தப் பெயர் மறந்துவிட்டது.

அதற்குப் பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து கொப்பியில் எழுதுகிறோம். எந்த நேரம் யார் கேட்டாலும் கடைசி எட்டு எண்களைக் கூட்டிச் சொல்ல வேண்டும். இரவிலும்தான். அலாரம் வையுங்கள், ஆள் மாறி ஆள் எழும்புங்கள். இன்னொரு கணக்கும் இருக்கிறது: அடிமட்டம் 15 சென்ரிமீற்றர், அதாவது 150 மில்லிமீற்றர். டித்வா மழையில் சில இடங்களில் ஒரே நாளில் 300ஐத் தாண்டியது. கொட்டாமல் விட்ட போத்தல் நிரம்பி வழிந்துவிட்டால், எவ்வளவு பெய்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

போன கிழமை ஒரு புதுப் பையன் கொப்பியை நீட்டினான். எட்டரைக்குப் பிறகு ஒரு கோடு, அதன் கீழே அழகாக 0. எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு அம்மாயி வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். மிச்சத்தை அவர் சொல்லிக் கொடுத்தார்.

போத்தலைக் கூரை ஓரத்தில் வைப்பது

வைக்காதீர்கள். மரத்தடியிலும்.

மழை விட்டதும் திரும்பிப் போவது

வெயில் அடித்தால் ஆட்டுக்குப் புல் போட, அடையாள அட்டை எடுக்க என்று ஒவ்வொருவராக நழுவுவார்கள். மேலே காய்ந்தாலும் மலைக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். இரவில் மட்டும் பயந்தால் போதும் என்ற நினைப்பும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்த மீரியபெத்தவில் லயங்கள் புதைந்தது காலை ஏழரை மணியளவில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில். திரும்பலாமா என்பதை கிராம உத்தியோகத்தர் சொல்லட்டும். மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ நின்றாலோ, மூடிய கதவு திறக்க மறுத்தாலோ, யாரையும் கேட்காமல் வெளியேறுங்கள். பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்குச் சொல்லலாம்.

கானை (வடிகாலை) அடைப்பது

துரை திட்டுவார் என்பதற்காக அல்ல, உங்கள் சுவருக்காகக் கானைத் துப்புரவாக வையுங்கள்.

கீழே இருப்பவர்களுக்கு அவசரப்பட்டு நல்ல சேதி சொல்வது

பதுளைப் பக்கத்து மழை பதுளு ஓயாவில் விழுந்து, மகாவலியாகித் திருகோணமலைக்குப் போகிறது. நோர்வூட், மஸ்கெலியா மழை களனி கங்கையாகிக் கொழும்புக்குப் போகிறது. நமக்கு விட்ட மழை அவர்களுக்கு இனித்தான் வந்து சேரும். மலை நமக்கு நிமிடக் கணக்கில்கூட அவகாசம் தராது. ஆறு கீழே இருப்பவர்களுக்கு ஒரு நாளாவது தரும். அந்த ஒரு நாளையும் நாம் வீணடிக்கக்கூடாது.

நோர்வூட்டில் இருக்கும் என் அக்கா டித்வா நேரம் அதைத்தான் செய்தார். மகன் கொழும்புக்குப் பக்கத்தில், களனி கங்கையோரத்து வெல்லம்பிட்டியில் ஒரு கடையில் வேலை. "இங்க மழை விட்டிருச்சி, நீ பயப்படாத" என்று கோல் எடுத்துச் சொல்லிவிட்டார். அவனும் மேலே ஏற்றிய அரிசி மூட்டைகளை மறுபடி தரையில் இறக்கி வைத்தான். அடுத்த நாள் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர்.

போன தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன், என்னிடம் கேட்டு ஒரு போத்தலை வெட்டி அக்கா வீட்டு முற்றத்தில் நட்டுவிட்டுப் போனான். மூன்று மணிக்கொரு தடவை பார்க்கவும் சொல்லிக் கொடுத்தானாம். நான் போய்ப் பார்த்தபோது அது கூரைக்குக் கீழே இருந்தது. வெயில் பட்டால் பிளாஸ்டிக் வெளுத்துவிடும் என்று அக்கா எடுத்து வைத்திருக்கிறார்.