ஊராட்சி பேரூராட்சியாகப் போகிறது என்றால்: கிராம சபைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

நெடுஞ்சாலையை ஒட்டி மனைப் பிரிவுகள் பெருகி, வயலில் வேலை செய்கிறவர்கள் குறைந்து, தெருவுக்கு நாலு கடை வந்துவிட்ட ஊராட்சிகளில் இந்தப் பேச்சு ஒருநாள் வந்தே தீரும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் உழைப்பாளர்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத தொழிலில் என்ற மூன்றும் சேர்ந்தால் அந்த ஊரைக் 'கணக்கெடுப்பு நகரம்' என்று எழுதிக்கொள்வார்கள். அது வெறும் புள்ளிவிவரப் பெயர்தான். அதனால் ஊராட்சி நிர்வாகம் மாறுவதில்லை. அரசிதழில் அறிவிப்பு வந்தால்தான் மாறும்.

ஆகவே 'ஊர் டவுன் ஆகுதாம்' என்ற பேச்சு காதில் விழுந்ததும், எந்த மாதிரி மாற்றம் என்று முதலில் விசாரியுங்கள். உங்கள் ஊராட்சி தனிப் பேரூராட்சியாகப் போகிறதா, பக்கத்துப் பேரூராட்சியோடோ நகராட்சியோடோ சேர்க்கப்படுகிறதா, மாநகராட்சிக்குள் போகிறதா? மூன்றும் ஒன்றல்ல. தனிப் பேரூராட்சியானால் மன்றம் உங்கள் ஊரிலேயே இருக்கும். பெரிய நகரத்தோடு சேர்ந்தால் ஊர் முழுவதும் ஓரிரு வார்டுகளாகச் சுருங்கிவிடும். 2024 டிசம்பர் கடைசியில் அரசு வெளியிட்ட அறிவிப்புகளில் 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகளைச் சேர்க்கும் திட்டம் இருந்தது. அப்போது போராட்டம் நடந்த பல ஊர்களில் மக்கள் முதலில் கேட்டது நூறு நாள் வேலையைப் பற்றித்தான். அந்தக் கேள்வி முற்றிலும் நியாயமானது.

கணக்கை அங்கிருந்தே தொடங்குங்கள். ஊரக வேலைத் திட்டம் ஊராட்சிப் பகுதிக்கு மட்டும் உரியது. 2025–26இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். ஒரு குடும்பம் ஆண்டுக்கு 50 நாள் வேலை பார்த்திருந்தால் 16,800 ரூபாய், 100 நாளும் பார்த்திருந்தால் 33,600 ரூபாய். வேலை அட்டை எத்தனை பேரிடம் இருக்கிறது என்ற எண்ணிக்கை இங்கே உதவாது. அட்டை வைத்திருந்தும் வேலைக்கே போகாதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. போன மூன்று ஆண்டுகளில் உண்மையில் வேலை பார்த்த குடும்பங்கள் எத்தனை, சராசரியாக எத்தனை நாள் என்று குக்கிராமம் வாரியாக எடுங்கள். திட்டத்தின் இணையதளத்தில் ஊராட்சி வாரியாகவே விவரம் கிடைக்கும். நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றைத் தமிழ்நாடு அரசு 2021–22இல் முன்னோடியாகத் தொடங்கியது உண்மை. ஆனால் 'அங்கேயும் வேலை கொடுப்பார்கள்' என்று யாராவது சமாதானம் சொன்னால், எங்கள் ஊருக்கு எத்தனை நாள், எந்த உத்தரவின்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது வீடு. கலைஞரின் கனவு இல்லம் ஊரகத் திட்டம், வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். பிரதமரின் வீட்டு வசதித் திட்டத்திலும் ஊரகத்துக்கும் நகரத்துக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. உங்கள் ஊரில் அனுமதி கிடைத்துப் பாதியில் நிற்கும் வீடுகளையும், காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் பெயர்களையும் தனித்தாளில் எழுதி வையுங்கள். பின்னால் மனு எழுதும்போது அந்தத் தாள் தேவைப்படும்.

வரியில்தான் பெரும்பாலான ஊர்கள் தப்புக் கணக்குப் போடுகின்றன. ஊராட்சி வீட்டு வரி ரசீதில் பெரும்பாலும் ஓராண்டுத் தொகை இருக்கும். பேரூராட்சி, நகராட்சி சொத்து வரி ரசீதில் இருப்பது அரையாண்டுத் தொகை. இரண்டு ரசீதையும் பக்கத்தில் வைத்து 'கொஞ்சம்தான் கூடுது' என்று சொல்பவர் பாதித் தொகையை மறந்துவிட்டுப் பேசுகிறார். ஒரு ஓட்டு வீடு, ஒரு 800 சதுர அடி மாடி வீடு, சாலையோரத்தில் ஒரு கடை என்று உங்கள் ஊரில் மூன்று கட்டடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சேரப்போகும் நகரத்தில், அல்லது அருகிலுள்ள பேரூராட்சியில், அதே அளவில் அதே மாதிரிச் சாலையில் இருக்கும் மூன்று கட்டடங்களின் ரசீதை வாங்கிப் பாருங்கள். அரையாண்டுத் தொகையை இரண்டால் பெருக்கி, அதோடு குடிநீர்க் கட்டணம், குப்பைக் கட்டணம், பாதாளச் சாக்கடை இருந்தால் அதன் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். காலிமனை வரியை விட்டுவிடாதீர்கள். மகள் கல்யாணத்துக்கென்று மூன்று சென்ட் வாங்கிப் போட்டவரும் அதைக் கட்ட வேண்டிவரும். விகிதமும் அப்படியே நின்றுவிடாது. 2022 ஏப்ரலில் சென்னைக்கு வெளியே திருத்தியபோது 600 சதுர அடிக்குக் குறைந்த வீடுகளுக்கு 25 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 சதவீதமும் ஏற்றினார்கள்.

எதிர்ப்பவர்கள் பரப்பும் தவறான செய்திகளும் உண்டு. பட்டா, சிட்டா, அடங்கல் எதுவும் இதனால் மாறாது. அவை வருவாய்த் துறையின் பதிவுகள். வருவாய் கிராமமும் கிராம நிர்வாக அலுவலரும் அப்படியே தொடர்வார்கள். ரேஷன் அட்டை ரத்தாகாது. பம்புசெட்டுக்கான இலவச மின்சாரம் உள்ளாட்சியின் பெயரைப் பார்த்துக் கொடுப்பதும் அல்ல. இந்த மாதிரிச் செய்திகளைக் கூட்டத்தில் சொன்னால், அதிகாரி அவற்றை மட்டும் மறுத்துவிட்டு எழுந்து போவார். உண்மையான இழப்புகள் பேசப்படாமலே போய்விடும்.

ஆதரவாளர்கள் பக்கத்து நியாயத்தையும் அதே தாளில் எழுதுங்கள். பத்தாயிரம் பேர் வாழும் ஊரில் ஒரு ஊராட்சி செயலரையும் விரல் விட்டு எண்ணக்கூடிய தூய்மைக் காவலர்களையும் வைத்துக்கொண்டு குப்பையும் கழிவுநீரும் சமாளிப்பது நடக்காத காரியம். கழிவுநீர் லாரி இரவோடு இரவாக ஓடையில் கொட்டிவிட்டுப் போவது இப்படிப்பட்ட ஊர்களில்தான். பேரூராட்சியில் செயல் அலுவலர், பொறியியல் பிரிவு, துப்புரவுப் பணியாளர்கள் என்று தனிக் கட்டமைப்பு இருக்கிறது, நகர்ப்புறங்களுக்கான குடிநீர்த் திட்டங்களுக்கும் வழி உண்டு. மனைப் பிரிவில் குடியேறியவர்கள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். அவர்களை 'வந்தேறிகள்' என்று ஒதுக்கிவிட்டு எடுக்கும் தீர்மானம் ஊரின் தீர்மானம் ஆகாது.

அதிகாரம் யார் கைக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாக, கட்சிச் சின்னம் இல்லாமல் தேர்ந்தெடுக்கிறார்கள். பேரூராட்சித் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடக்கிறது. ஆண்டுக்கு 6 முறை கூடும் கிராம சபை இல்லாமல் போகும். அதற்குப் பதிலாக வரும் பகுதி சபை ஒரு வார்டின் பகுதிக்கானது; வரவு செலவை ஊரே உட்கார்ந்து கேட்கும் இடம் அதுவல்ல. நகராட்சியோடு சேரும் ஊர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பள்ளி, கோயில் அருகே மதுக்கடை இருக்கக் கூடாத தூரம் பிற பகுதிகளில் 100 மீட்டர். நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் 50 மீட்டர்தான்.

கணக்கு கைக்கு வந்ததும் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை வழக்கமான நாட்கள். கூட்டப் பொருளில் இதைச் சேர்க்கும்படி முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள். தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமல் அரசின் தனி அலுவலர் நிர்வாகத்தில் இருந்தால் அவரிடம் கொடுங்கள். குறைவெண்ணை, அதாவது கூட்டத்துக்குக் குறைந்தது எத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்பதை, சரிபாருங்கள்: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஒருவர் குறைந்தாலும் தீர்மானம் செல்லாது என்று சொல்ல இடம் கிடைத்துவிடும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் கையெழுத்தில்தான். வருகைக் கையெழுத்தை முதலில் வாங்கிக்கொண்டு, தீர்மானத்தைப் பிறகு நிதானமாக எழுதிக்கொள்வார்கள். எழுதியதை ஒலிபெருக்கியில் முழுதும் படிக்கச் சொல்லுங்கள். 'மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்' என்று ஒரே வரியில் முடித்தால் அதில் பயனில்லை. வேலை பார்த்த குடும்பங்கள், விவசாய நிலத்தின் ஏக்கர், பாதியில் நிற்கும் வீடுகள், கூட்டத்துக்கு வந்தவர்கள், ஆதரவு, எதிர்ப்பு எல்லாம் எண்ணாக அதில் இருக்க வேண்டும். தீர்மானப் பக்கத்தை அங்கேயே படமெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நகல் மறுத்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு.

கிராம சபைத் தீர்மானம் அரசைத் தடுத்து நிறுத்தாது என்பதை ஊருக்கு நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். எல்லையை மாற்றுவது சட்டமியற்றும் தன்மையுள்ள அதிகாரம் என்று மகாராஷ்டிரத்தின் கல்யாண் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989லேயே தீர்ப்பளித்தது. அதனால் சட்டம் கொடுக்கும் ஆட்சேபணைக் காலம்தான் உங்கள் கையில் இருக்கும் ஆயுதம். அரசிதழ் நகலை வாங்குங்கள். கெடு எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது, எந்த அதிகாரிக்கு எழுத வேண்டும் என்பது அதிலேயே இருக்கும். ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமும் ஒன்று கொடுத்து மனு எண்ணை வாங்குங்கள். ஒரே வாசகத்தை 500 நகல் எடுத்துக் கையெழுத்துப் போட்டால் அது ஒரே ஆட்சேபணையாகத்தான் படிக்கப்படும். வேலை அட்டை எண்ணோடும் நிலத்தின் சர்வே எண்ணோடும் குடும்பத் தலைவிகள் எழுதிய 50 மனுக்களுக்கு அதைவிட மதிப்பு அதிகம்.

ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றால் நடுவழி ஒன்று உண்டு. எல்லை சர்வே எண்களால்தான் வரையப்படுகிறது. சாலையோர மனைப் பிரிவுகளை மட்டும் சேர்த்துக்கொண்டு, விவசாயக் குக்கிராமங்களை ஊராட்சியிலேயே விடும்படி சர்வே எண் பட்டியலும் வரைபடமும் இணைத்துக் கேட்கலாம். முழு எதிர்ப்பைவிட இதைப் பரிசீலிப்பது அதிகாரிக்கு எளிது. ஆனால் வீட்டு வரி தரும் பகுதி போய்விட்டால், மிஞ்சும் ஊராட்சி எதை வைத்து விளக்கெரிக்கும் என்பதையும் கணக்குப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

இறுதி அறிவிப்பு வந்துவிட்டால் உடனே செய்ய வேண்டிய வேலைகள் வேறு. நிலுவைக் கூலியைக் கேட்டு வாங்குங்கள். பாதியில் நிற்கும் வீடுகளுக்கு மீதித் தவணை தொடரும் என்று ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தில் பெறுங்கள். புதிய வரி விதிப்பில் கட்டட அளவைத் தவறாக எழுதியிருந்தால் முதல் அரையாண்டிலேயே மனுக் கொடுங்கள். மனைப் பிரிவுகளில் பூங்காவுக்கும் சாலைக்கும் ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த இடங்களின் பத்திர எண், சர்வே எண், சதுர அடி ஆகியவற்றைப் பட்டியலிட்டு, பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் செயல் அலுவலரிடம் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். பட்டியலில் இல்லாத பூங்கா இடம் சில ஆண்டுகளில் யாருடைய மனையாகவோ வேலி கட்டி நிற்கும்.